வரையாட்டைத் தேடி வந்த விலங்கியல் சங்கம்

நீலமலையின் காட்டுயிர் வரலாறு – 14

1877-இல் ஊட்டியில் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கத்தையும், அதன் முயற்சியால் வந்த 1879-ஆம் ஆண்டு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தையும் சென்ற இதழில் பார்த்தோம். வேட்டைக்காரர்களே வேட்டைக்கு வரம்பு கட்டிக்கொண்ட காலம் அது. அந்த வரம்பு இல்லாமல் போயிருந்தால் குந்தா மலைகளில் வரையாடு இன்று பெயராக மட்டுமே இருந்திருக்கும். ஆனால் மலையில் எத்தனை ஆடுகள் இருக்கின்றன, பிறக்கிற குட்டிகளில் எத்தனை பிழைக்கின்றன என்ற கேள்விகளுக்கு அடுத்த எண்பது ஆண்டுகள் ஆகியும் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. துரைமார் எழுதி வைத்ததெல்லாம் கொம்பின் நீளமும் சுட்ட தூரமும்தான்.

பதில் தேடத் தொடங்கியவர் குன்னூரில் வக்கீல் தொழில் பார்த்த இ.ஆர்.சி. டேவிதார். அவருக்குப் பின் வந்தவர் நியூயார்க்கில் ஒரு மிருகக்காட்சி சாலையை நடத்தும் சங்கத்தின் சம்பளக்காரர். இந்த இரண்டு பேரின் கதையும், வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகள் நம் மலைகளுக்கு என்ன செய்தன, எதைச் செய்யவில்லை என்பதும் இந்த இதழில்.

டேவிதார் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர் அல்ல. கோர்ட் வேலை போக மிச்ச நேரத்தில் காட்டுக்குப் போனவர். பழைய வேட்டைச் சங்கம் காட்டுயிர்ச் சங்கமாக மாறிய காலத்தில் அதன் முன்னணியில் நின்றவர். பின்னாளில் சீகூர்ப் பக்கம் வீடு கட்டி யானைகளுக்கு நடுவே வாழ்ந்தார். நீலகிரி வரையாட்டுக் கணக்கை 1963-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். கணக்கெடுப்பு என்றால் இன்று ஜி.பி.எஸ்., தானியங்கிக் கேமரா என்று நினைப்போம். அன்றைக்கு பைனாகுலர், நோட்டுப் புத்தகம், பென்சில், ஒரு கம்பளி. அவ்வளவுதான்.

முக்குருத்தி, பங்கித்தபால், நீலகிரி முடி, கொலரிபெட்டா என்று நீளும் அந்த மேற்கு விளிம்பை நேரில் பார்த்தவர்களுக்கு வேலையின் கஷ்டம் புரியும். ஒரு பக்கம் அலையலையான புல்வெளி, மடிப்புகளில் சோலை. மறுபக்கம் மலை சட்டென்று அறுந்து கேரளத்துக்குள் இறங்கும் பாறைச் சுவர். வரையாடு இந்த இரண்டுக்கும் நடுவே வாழ்கிறது. மேய்வது புல்லில், ஆபத்து என்றால் பாறைக்கு ஓட்டம். சிறுத்தையோ செந்நாயோ நெருங்கினால் மந்தை முழுவதும் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும். கணக்கெடுக்க வந்தவரைப் பார்த்தாலும் அதேதான் நடக்கும். போதாக்குறைக்குக் கீழிருந்து மேகம் ஏறி வரும். விடியலில் முப்பது ஆடுகளை எண்ணத் தொடங்கினால் பதினைந்தாவது ஆட்டில் திரை விழுந்துவிடும். திரை விலகும்போது எதிரில் மேய்வது அதே மந்தையா, வேறொன்றா என்று சொல்ல முடியாது.

அதனால்தான் தலைகளை மட்டும் எண்ணுவதில் பயனில்லை. எத்தனை பெட்டை, எத்தனை குட்டி, போன வருடத்துக் குட்டி எத்தனை, இளங்கிடா எத்தனை, முதிர்ந்த கிடா எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும். முதிர்ந்த கிடாவை அடையாளம் காண்பது எளிது. உடம்பு கருத்து, முதுகில் வெளிறிய வெள்ளித் திட்டு சேணம் போட்டதுபோல் விழுந்திருக்கும். நூறு கிலோ வரை எடை வரும். பெட்டை அதில் பாதிதான். இந்தப் பிரிவுக் கணக்கில்தான் மந்தையின் கதை இருக்கிறது. நூறு பெட்டைக்கு எத்தனை குட்டி, அதில் எத்தனை அடுத்த ஆண்டைப் பார்த்தன என்று தெரிந்தால் மந்தை வளர்கிறதா, தேய்கிறதா என்று சொல்லிவிடலாம்.

இந்த முறையில் பழுத்த ஒருவர் 1969-இல் நீலகிரிக்கு வந்தார். ஜார்ஜ் ஷேலர். அப்போதே அவர் உலகறிந்த பெயர். 1959-இல் ஆப்பிரிக்க மலைக் கொரில்லாக்களுடன் தொடங்கியவர். 1963 முதல் 1965 வரை மத்தியப் பிரதேசத்துக் கன்ஹாவில் புலியையும் மான்களையும் ஆராய்ந்து, 1967-இல் அதை நூலாக்கினார். அதன் பிறகு செரெங்கெட்டியில் மூன்றாண்டுகள் சிங்கங்களைத் தொடர்ந்தார். அடுத்து அவர் தேர்ந்துகொண்டது ஆசியாவின் மலை ஆடுகள். அந்த வரிசையில் தெற்கே வெகுதூரம் தள்ளி, இமயமலைச் சொந்தங்களைப் பிரிந்து தனியே நிற்கும் நம் வரையாடும் இருந்தது.

ஷேலர் பணியாற்றிய நியூயார்க் விலங்கியல் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1895-இல் தொடங்கிய சங்கம். 1899-இல் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையைத் திறந்தது. ஆரம்பத்திலிருந்தே கூண்டுக்கு வெளியே நடப்பதிலும் அதற்கு அக்கறை இருந்தது. அமெரிக்கக் காட்டெருமை அழிவின் விளிம்பில் நின்றபோது, 1907-இல் பிராங்ஸில் வளர்ந்த 15 எருமைகளை ரயிலேற்றி ஓக்லஹோமா சமவெளிக்கு அனுப்பியது. 1960-களில் வில்லியம் கான்வே அதன் தலைமைக்கு வந்தபின் இந்த எண்ணம் இன்னும் வலுத்தது. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வரும் நியூயார்க் குடும்பம் கொடுக்கும் பணமும், செல்வந்தர்கள் தரும் நன்கொடையும், அந்த விலங்கின் சொந்தக் காட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது கான்வேயின் நிலை. ஷேலரைப் போன்றவர்களை ஆண்டுக்கணக்கில் சம்பளம் கொடுத்து வெளிநாட்டு மலைகளில் விட்டுவைத்தது அந்தக் கொள்கைதான். 1993-இல் சங்கம் தன் பெயரையே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கம் என்று மாற்றிக்கொண்டது.

ஷேலர் நீலகிரியிலும் மூணாறு உயர்மலையிலும் வரையாடுகளைப் பின்தொடர்ந்தார். அவருடைய கட்டுரை 1970-இல் பம்பாய்க் கழகத்தின் இதழிலேயே வந்தது. அமெரிக்க இதழ் ஒன்றில் போட்டிருந்தால் இங்குள்ள வனத்துறை அதிகாரிகளின் கைக்கு எட்டியிருக்காது. இந்தியாவில் செய்த வேலையை இந்தியாவில் அச்சேற்றிய இந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன். 1977-இல் வந்த அவருடைய ஆராய்ச்சி நூலிலும், 1980-இல் பொது வாசகர்களுக்காக எழுதிய இமயமலைப் பயண நூலிலும் வரையாட்டுக்கு இடம் கிடைத்தது. உலகத்தில் பலர் இந்த ஆட்டின் பெயரைக் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

ஒரு பாதுகாப்பு வேலைக்கு அச்சிட்ட எண்ணிக்கை என்ன செய்யும் என்பதற்கு மூணாறு உயர்மலையின் இரவிகுளத்தைப் பார்த்தால் போதும். கண்ணன் தேவன் மலைகளின் நிலத்தைக் கையகப்படுத்தும் சட்டத்தை 1971-இல் கேரளம் கொண்டுவந்தது. அதுவரை தேயிலைக் கம்பெனி துரைமார் தங்கள் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஒதுக்கி வைத்திருந்த புல்வெளி அது. முதுவர் இனத்துக் காவலர்கள் அதைக் காத்து வந்தார்கள். சட்டம் வந்ததும் அந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. உலகத்திலேயே பெரிய வரையாட்டு மந்தை அங்கே இருக்கிறது என்று சொல்ல அப்போது கையில் ஆதாரம் இருந்தது. 1975-இல் இரவிகுளம் சரணாலயம் ஆயிற்று. 1978-இல் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர் புல்வெளி பிழைத்தது.

அதே 1975-இல் டேவிதார் அடுத்த பெரிய வேலையில் இறங்கினார். நீலகிரியோடு நிற்காமல் வரையாடு வாழும் மலைத்தொடர் முழுவதும் தேடிப் போனார். மூன்றாண்டு முடிவில் சுமார் 2,200 ஆடுகள் இருக்கும் என்று 1978-இல் எழுதினார். முதன்முறையாக முழு இனத்துக்கும் ஒரு கணக்கு கிடைத்தது. அதைத் தந்தவர் உள்ளூர்க்காரர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர் சில மாதங்கள் வந்து போவார். அவர் கற்றுத் தந்த முறையும் ஏற்படுத்திய கவனமும் நிலைக்க வேண்டுமானால், அடுத்த மழைக்குப் பிறகும் அதே மேட்டில் ஏற ஒருவர் இங்கேயே இருக்க வேண்டும். நீலகிரிக்கு அந்த ஆள் வாய்த்தார்.

1979 முதல் 1981 வரை கிளிஃபர்டு ரைஸ் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் இரவிகுளத்தில் தங்கினார். ஆடுகளுக்கு உப்பு வைத்துப் பழக்கி, சில கஜ தூரத்தில் நின்று தனித்தனி ஆடாக அடையாளம் கண்டு குறிப்பெடுத்தார். ஜூலை, ஆகஸ்ட் அடைமழையில் இணை சேர்வதும், ஆறு மாதம் கழித்துப் பனிக்காலத்தில் குட்டி போடுவதும், ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி என்பதும், அந்தக் குட்டிகளில் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை என்பதும் இப்படி நின்று பார்த்ததால் உறுதியானவை. இன்றைக்கும் வரையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய ஆய்வேட்டைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

கூண்டுக்குள் என்ன நடந்தது? மினசோட்டா உட்பட அமெரிக்காவின் சில மிருகக்காட்சி சாலைகளில் 1970, 80-களில் நீலகிரி வரையாடுகள் வளர்ந்தன, குட்டியும் போட்டன. பரம்பரைப் பதிவேடு வைத்து, நெருங்கிய உறவில் இணை சேராமல் பார்த்துக்கொள்ள முயன்றார்கள். ஆனால் அங்கே பிறந்த ஓர் ஆடுகூட முக்குருத்திக்குத் திரும்பி வந்ததில்லை. வரவேண்டிய தேவையும் எழவில்லை. ஒரு மலையில் ஆடு இல்லை என்றால், அங்கே புல் இல்லை அல்லது துப்பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் ஆட்டைக் கொண்டுவந்து விட்டுப் பயனில்லை. சரிசெய்துவிட்டால் பக்கத்து மலையிலிருந்து தானே வந்துவிடும், இடையில் வழி மட்டும் இருந்தால்.

ஆட்டை இடம் மாற்றினால் விபரீதமும் உண்டு. வரையாட்டின் தூரத்துச் சொந்தமான இமயமலைத் தார் ஆட்டை 1904-இல் நியூசிலாந்து மலைகளில் விட்டார்கள். பெருகிப்போய் அங்குள்ள அரிய செடிகளைத் தின்று தீர்க்கிறது என்று இன்றுவரை சுட்டுக் குறைக்கிறார்கள். கேப் டவுனில் 1936-இல் ஒரு மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பிய ஒரு ஜோடியின் வாரிசுகள் டேபிள் மலை முழுவதும் பரவின. நம் வரையாடு அப்படி எங்கும் பரவியதில்லை. வரையாடும் இமயமலைத் தாரும் ஒரே பேரினம் என்றுதான் நீண்ட காலமாக எல்லோரும் எழுதி வந்தார்கள். 2005-இல் மரபணு ஆய்வு அதை மாற்றியது. நம் வரையாடு இமயத்துத் தாரைவிடச் செம்மறி இனத்துக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்து, நீலகிரியின் பெயரிலேயே அதற்குத் தனிப் பேரினம் உண்டாக்கினார்கள். அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான்.

வரையாட்டோடு இந்தக் கதை நிற்கவில்லை. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கின் விஷயத்தில் மிருகக்காட்சி சாலைகளுக்குத் தீர்க்க வேண்டிய கடனே இருந்தது. கருப்பு உடம்பும் வெள்ளிப் பிடரியும் கொண்ட இந்தக் குரங்கை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிடித்துக் கப்பலேற்றி வாங்கியவர்கள் அவர்களே. காட்டில் மிஞ்சியதைக் கருங்குரங்கு லேகியத்துக்காகக் கருமந்தியைத் தேடி வந்தவர்களும் ஆள்மாறிச் சுட்டார்கள். 1973 முதல் 1975 வரை ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கோவ்ஸ்கியும் நெல்லை மாவட்டத்து மலைகளில் இதை ஆராய்ந்து, மிச்சமிருப்பது எவ்வளவு சொற்பம் என்று சொன்னார்கள். 1976-இல் களக்காடு சரணாலயம் இந்தக் குரங்குக்காகவே உருவானது. குந்தா மலைகளின் மேற்குச் சரிவோடு ஒட்டிக்கிடக்கும் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதா, கூடாதா என்ற பெரும் போராட்டத்தில் சோலைமந்தியின் முகம்தான் எல்லாச் சுவரொட்டிகளிலும் இருந்தது.

அதன் பிறகுதான் மேற்கத்திய மிருகக்காட்சி சாலைகள் விழித்துக்கொண்டன. 1982-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இந்த ஒரே குரங்கைப் பற்றி மாநாடு கூடியது. அடுத்த ஆண்டு, அங்குள்ள மிருகக்காட்சி சாலைகள் தங்களிடம் இருந்த சோலைமந்திகள் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகப் பாவித்து வளர்க்கும் திட்டத்தில் சேர்த்தன. காட்டிலிருந்து பிடிக்க வேண்டிய அவசியம் அதோடு போயிற்று. 1993-இல் சென்னையில் நடந்த பயிலரங்கில் நம் வனத்துறையினரும், காட்டில் ஆய்வு செய்தவர்களும், வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். துண்டுபட்ட எஸ்டேட் சோலைகளில் பத்தும் இருபதுமாகச் சிக்கியிருக்கும் கூட்டங்கள் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தப் பயிலரங்கை ஒழுங்கு செய்தவர்களில் ஒருவரான சாலி வாக்கரை இந்தத் தொடரில் விட்டுவிட முடியாது. யோகா கற்க மைசூருக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி. மைசூர் மிருகக்காட்சி சாலையில் புலிக்குட்டிகளைப் பார்த்து அங்கேயே தன்னார்வ வேலையில் இறங்கி, 1985-இல் மிருகக்காட்சி சாலைத் தொடர்பு அமைப்பைத் தொடங்கினார். பிறகு அது கோவைக்கு வந்தது. நீலகிரி மலை கண்ணில் படும் ஊர். வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளிடம் எழுதிக் கேட்டு வாங்கிய சிறுசிறு தொகைகளைக் கொண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார்; குழந்தைகளுக்கு விலங்கு முகமூடி, ஒட்டுவில்லை, கையில் கட்டும் ராக்கி என்று பொட்டலம் பொட்டலமாகத் தயாரித்து அனுப்பினார். முகமூடி போட்டுக்கொண்ட பிள்ளை ஒரு பத்து நிமிடம் சோலைமந்தியாகப் பேச வேண்டும்: நான் எங்கே தூங்குவேன், ரோட்டைக் கடக்கும்போது என்ன ஆகும், நீ எறியும் வாழைப்பழத்தை நான் ஏன் தின்னக் கூடாது. பாடப் புத்தகத்து ஐந்து மதிப்பெண் வினாவை விட இது ஆழமாகப் பதியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாலி வாக்கர் 2019-இல் காலமானார்.

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் அடங்கும் நாகரஹொளேயில் அதே காலத்தில் உல்லாஸ் காரந்த் புலி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதற்கும் ஆதரவு கொடுத்தது பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையின் தாய்ச் சங்கம்தான். புலியின் உடல்வரிகளைக் கேமராவில் பிடித்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணும் முறை அங்கே செம்மைப்பட்டது. இன்று முதுமலையில் மரத்தில் கட்டியிருக்கும் கேமராக்கள் அந்த முறையின் தொடர்ச்சி. பிரிட்டனின் செஸ்டர் மிருகக்காட்சி சாலை 2004 முதல் அஸ்ஸாமில் யானை, மனிதர் மோதலைக் குறைக்கச் செய்த வேலையும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இவ்வளவையும் படித்துவிட்டு எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஷேலரின் பெயர் உலகம் அறியும். டேவிதாரின் பெயர் நீலகிரி அறியும். ஆடு எந்த மேட்டில் எந்நேரத்தில் மேயும் என்று தெரிந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போன வாச்சர்கள், மூட்டை சுமந்தவர்கள், மேகம் மூடிய பாறை விளிம்பில் பாதை தவறாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார்? பெரும்பாலோரின் பெயர் எந்த இதழிலும் அச்சாகவில்லை. கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். குந்தாவிலோ கோத்தகிரியிலோ தேயிலை கிள்ளும் ஒரு தாய், தன் மலையின் ஆட்டைப் பற்றி அமெரிக்கர் எழுதியதைத் தமிழில் படிக்க வழியில்லாமல் அரை நூற்றாண்டு போய்விட்டது. வெளியிலிருந்து வந்த பணம் ஆராய்ச்சிக்கு உதவியது. அந்த ஆராய்ச்சியை மலைவாசிகளின் கையில் கொடுக்கும் கடமை நம்முடையது. அதை நாம் செய்யவில்லை.

வரையாட்டின் மலைக்கே திரும்புவோம். முக்குருத்தி 1982-இல் சரணாலயமாகி, 1990-இல் 78.46 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவானது. ஆனால் அதற்கு முன்பே நீலகிரிப் புல்வெளியின் பெரும்பகுதி வேறு உருவம் எடுத்திருந்தது. சீகையும் கற்பூர மரமும் பைனும் நட்டுவிட்ட மேடுகளில் வரையாட்டுக்கு வேலையில்லை. தூரம் வரை பார்த்து ஆபத்தை உணரும் விலங்கு, மரக்கூட்டத்துக்குள் நுழையத் தயங்கும். குந்தா மின்திட்டத்தின் அணைகளும் சாலைகளும் மந்தைகளைத் துண்டாக்கின.

தமிழக அரசு 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. மேல் பவானியில் புல்வெளியை மீட்பதும் அதில் ஒரு பகுதி. மாநில விலங்குக்குத் தன் சொந்தக் கருவூலத்திலிருந்து பணம் ஒதுக்கி, தன் சொந்த ஊழியர்களைக் கொண்டு எண்ண வைத்தது தமிழ்நாடு. 2024-இல் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள், 2025-இல் 1,303. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நீலகிரிப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற அக்டோபர் 7 அன்று ஓவியப் போட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊரில் வனத்துறை வாச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து பேச வையுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். அவர் பெயரையும் சேர்த்து எழுதட்டும். அந்தக் குறிப்புகளை இந்தத் தொடருக்கு அனுப்பினால் நன்றியோடு வெளியிடுவோம்.

அடுத்த இதழில்: புல்வெளிக்குச் சீகை வந்த கதை.